படம் வரைஞ்சா சோறு கிடைக்குமா? – சோழமண்டலத்தில் ஒரு நாள்

(கே.கே. நகர்ப் பகுதி உயர்நிலைப் பள்ளி ஒன்றில் பணியாற்றும் அறிவியல் ஆசிரியை, குறுவள மையக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கலைக் கல்வி பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறீர்கள். நான் ஓவிய ஆசிரியர் இல்லை. ஒன்பது, பத்து வகுப்புகளுக்கு அறிவியல் நடத்துகிறேன். எங்கள் பள்ளியின் ஓவிய ஆசிரியர் பகுதிநேரப் பணியில் இருப்பவர்; வாரத்தில் மூன்று அரை நாள் வருகிறார். இன்று இங்கே நின்று பேச வேண்டியவர் அவர்தான். இன்று அவருக்குப் பள்ளி நாள் இல்லை, வேறு வேலைக்குப் போயிருக்கிறார். அதனால் நான் வந்திருக்கிறேன்.

அவரும் நானும் கணக்கு ஆசிரியரும் சேர்ந்து, கடந்த கல்வியாண்டில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் 34 பேரை ஒரு நாள் வெளியே அழைத்துப் போனோம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இஞ்சம்பாக்கத்தில் இருக்கும் சோழமண்டலம் ஓவியர் கிராமம்தான் அந்த இடம். அங்கே ஓவியங்களும் சிற்பங்களும் வைத்திருக்கும் காட்சிக்கூடம் இருக்கிறது. அதே வளாகத்தில் கைவினைப் பொருள் கடையும் இருக்கிறது. காலையில் போய் மாலையில் திரும்பிவிட்டோம். சுற்றுலா என்று பார்த்தால் மிகச் சின்ன சுற்றுலா. ஆனால் கிளம்பும் முன் ஒரு பெற்றோர் என்னிடம் கேட்ட கேள்வி அந்த நாள் முழுவதும் எங்களுடனேயே வந்தது. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

எங்கள் பகுதியைப் பற்றி முதலில் கொஞ்சம். கே.கே. நகர் என்றால் பலருக்கு நினைவுக்கு வருவது சிவன் பூங்கா, இ.எஸ்.ஐ. மருத்துவமனை, அகலமான சாலைகள். அந்தச் சாலைகளுக்குப் பின்னால், எம்.ஜி.ஆர். நகர்ப் பக்கமும் சாலிகிராமம், வடபழனிப் பக்கமும் சினிமா தொழிலாளர்கள் நிறையப் பேர் குடியிருக்கிறார்கள். ஸ்டுடியோக்கள் அங்கே இருந்ததால் வந்தவர்கள். லைட்மேன், தச்சர், தையல்காரர், செட் பெயின்டர், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் அச்சு எடுப்பவர் என்று பலர். எங்கள் பிள்ளைகளில் பலருடைய அப்பாக்கள் இவர்கள்தான். வருகைப் பதிவேட்டில் பெற்றோர் தொழில் என்ற இடத்தில் ‘கூலி’ என்று எழுதி முடித்துவிடுகிறோம். கோயில் தூணை ஒரே இரவில் பிளைவுட்டில் நிறுத்துகிற மனிதரும் நம் பதிவேட்டில் கூலிதான்.

சுற்றுலாவுக்கு ஒப்புதல் கடிதம் கொடுத்து அனுப்பினேன். 33 கையெழுத்து வந்துவிட்டது. ஒரு பையன் மட்டும் கொண்டுவரவில்லை. வகுப்பிலேயே நன்றாக வரைகிறவன் அவன்தான். என் அறிவியல் பாடத்தில் இதயத்தின் குறுக்குவெட்டுப் படத்தைக் கரும்பலகையில் வரைய அவனைத்தான் கூப்பிடுவேன். கேட்டால், “அப்பா போட மாட்டேன்றாரு மிஸ்” என்றான். பணம் காரணமா என்று விசாரித்தேன். இல்லை என்றான். ஒரு நாள் மாலை வீட்டுக்கே போனேன்.

அவனுடைய அப்பா செட் பெயின்டர். சின்ன வயதில் சினிமா பேனர் வரைகிறவரிடம் உதவியாளாக இருந்திருக்கிறார். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: “பேனர் வேலைய ஃபிளெக்ஸ் தின்னுடுச்சி டீச்சர். செட் வேலைக்கு வந்தேன். இப்ப பச்சைத் துணியக் கட்டி எடுத்துட்டு, மீதிய கம்ப்யூட்டர்ல போட்டுக்கறாங்க. மாசத்துல பாதி நாள் வேலை இல்ல. இவன் கை, என் கை. அதான் பயமா இருக்கு. இவன அங்க கூட்டிட்டுப் போய் ஆசை காட்டாதீங்க. படம் வரைஞ்சா சோறு கிடைக்குமா, நீங்களே சொல்லுங்க.”

நம்மிடம் இப்படிக் கேட்டால் என்ன சொல்வோம்? கலை மனத்தை விரிவாக்கும், ஆளுமையை வளர்க்கும் என்று பயிற்சிக் கையேட்டில் இருப்பதைச் சொல்வோம். பாதி மாதம் வேலை இல்லாத மனிதரிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “பெரியவங்க ஒருத்தர் துணைக்குத் தேவைப்படுது சார். நீங்களே வாங்க. பார்த்துட்டு அப்புறம் சொல்லுங்க” என்று மட்டும் கேட்டுவிட்டு வந்தேன். அன்றைக்கு வேலை இல்லையென்றால் வருகிறேன் என்றார். அன்றைக்கு வேலை இல்லை, வந்தார்.

சோழமண்டலத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அந்த இடமே இந்தக் கேள்வியிலிருந்துதான் பிறந்தது. அதன் வரலாற்றை ஆசிரியர்கள் தெரிந்துகொண்டு போனால்தான் பிள்ளைகளுக்கு ஏதாவது சொல்ல முடியும்.

எழும்பூரில் பெரியார் ஈ.வெ.ரா. சாலையில் இருக்கும் அரசு கவின் கலைக் கல்லூரியை வெளியிலிருந்தாவது பார்த்திருப்பீர்கள். 1850-ல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற அறுவை மருத்துவர் தொடங்கிய பள்ளி அது. அடுத்த சில ஆண்டுகளில் அரசு அதை எடுத்துக்கொண்டது. ஓவியத்தோடு தொழிற்கலைகளையும் கற்றுத் தந்தார்கள். நம் வீட்டில் புழங்கும் அலுமினியப் பாத்திரத்துக்கும் அந்தப் பள்ளிக்கும் தொடர்பு உண்டு. 1898 வாக்கில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்பவர் அலுமினியத்தில் பாத்திரம் செய்யும் முயற்சியை அங்கேதான் தொடங்கினார். வேதியியல் நடத்துகிறவர்கள் உலோகவியல் பாடத்தில் இதைச் சொல்லலாம், பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

அந்தக் கல்லூரியின் முதல் இந்திய முதல்வர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரினாவில் இருக்கும் உழைப்பாளர் சிலையைச் செய்தவர். அவருக்குப் பின் 1957-ல் முதல்வராக வந்தவர் கே.சி.எஸ். பணிக்கர். பணிக்கர் கோயம்புத்தூரில் 1911-ல் பிறந்தவர். தன்னிடம் படித்துவிட்டுப் போகும் மாணவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நன்றாக வரைந்தவர்கள்கூட, வெளியே போய் ஏதோ ஒரு வேலையில் சேர்ந்து, சில வருடங்களில் தூரிகையை விட்டுவிடுகிறார்கள். அன்றைய மதராஸில் நவீன ஓவியத்தை வாங்க ஆள் இல்லை. வாங்குகிறவர்கள் இல்லாமல் ஓவியன் எப்படிச் சாப்பிடுவது?

மாணவர்களும் ஆசிரியர்களுமாக உட்கார்ந்து ஒரு வழி கண்டார்கள். ஓவியம் விற்காது, ஆனால் அழகான துணி விற்கும். கல்லூரி நேரம் போக மீதி நேரத்தில் பாத்திக் துணிகள் செய்தார்கள். கைவினைக்கென்று ஒரு சங்கம் அமைத்துக் கண்காட்சி நடத்தி விற்றார்கள். அந்தப் பணத்தைச் சேர்த்து 1966-ல் கடலோரத்தில் எட்டு, பத்து ஏக்கர் மணல் நிலத்தை வாங்கினார்கள். இன்றைய கிழக்குக் கடற்கரைச் சாலையை நினைத்துக்கொண்டு கேட்காதீர்கள். அன்றைக்கு அது ஊருக்கு வெளியே, சவுக்கும் மணலுமாகக் கிடந்த இடம். அங்கே குடியேறி, நாளில் கொஞ்ச நேரம் பாத்திக், தோல் வேலை, பீங்கான், உலோக வேலை என்று கைவினை செய்து வயிற்றைப் பார்த்துக்கொண்டார்கள். மீதி நேரம் அவர்களுடைய சொந்த ஓவியம், சொந்தச் சிற்பம். இதுதான் சோழமண்டலம். கலைஞர்களே பணம் போட்டு, கலைஞர்களே நடத்திய குடியிருப்பு. பணிக்கர் 1977-ல் காலமானார். கிராமம் நின்றுவிடவில்லை.

இதை நான் அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. பொதுவாக நாம் பிள்ளைகளை இப்படிப்பட்ட இடங்களுக்கு அழைத்துப் போனால், காட்சிக்கூடத்தில் ‘பேசாதே, தொடாதே’ என்று மரியாதையோடு நடத்துவோம். கைவினைக் கடையை ‘நேரம் இருந்தால் பார்க்கலாம்’ என்று கடைசியில் வைப்போம். சோழமண்டலத்தில் அந்தக் கடைக்காரத்தனம்தான் காட்சிக்கூடத்துக்குச் சோறு போட்டது. எங்கள் பயணத்தில் இரண்டுக்கும் சமமாக நேரம் ஒதுக்கினோம்.

போவதற்கு முன் இரண்டு வாரம் தயார் செய்தோம். இதில்தான் எனக்கு வேலை வந்தது. பாத்திக் என்றால் துணியில் மெழுகு பூசிச் சாயம் ஏற்றுவது. ஜாவாவில் பெயர்பெற்ற முறை. மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது, படாத இடத்தில் ஏறும். காய்ந்ததும் மறுபடி மெழுகு, மறுபடி அடுத்த சாயம். கடைசியில் மெழுகை எடுத்துவிட்டால் அடுக்கடுக்காக நிறம் நிற்கும். வகுப்பில் சூடான மெழுகை வைத்துக்கொண்டு 34 பிள்ளைகளைக் கட்டி மேய்க்க முடியாது. அதனால் வெள்ளைத் தாளில் மெழுகுவர்த்தித் துண்டால் அழுத்தி வரையச் சொன்னோம். ஒன்றும் தெரியாது. அதன்மேல் நீர்வண்ணத்தைத் தடவியதும் கோடு வெள்ளையாக எழுந்து வரும். அன்றைக்கு வகுப்பில் எழுந்த சத்தம் பக்கத்து வகுப்பு ஆசிரியரை எட்டிப் பார்க்க வைத்தது.

அதிலிருந்து கேள்விகள் தானாக வந்தன. தண்ணீர் ஏன் மெழுகில் ஒட்டவில்லை? பாத்திக்குக்கு ஏன் சூடு இல்லாத சாயம்தான் வேண்டும்? சூடான சாயத்தில் முக்கினால் மெழுகே உருகிவிடும் என்பதை நான் சொல்லவில்லை, ஒரு பெண் சொன்னாள். பாத்திக் துணியில் மெல்லிய சிலந்திவலை போலக் கோடுகள் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். காய்ந்த மெழுகு மடங்கும்போது விரிசல் விட்டு, அந்த விரிசலில் சாயம் இறங்குவதால் வருவது. பாரஃபின் மெழுகு அதிகம் இருந்தால் விரிசல் கூடும், தேன்மெழுகு சேர்த்தால் வளைந்து கொடுக்கும். அறிவியல் பாடவேளையை ஓவியத்துக்குக் கொடுத்துவிட்டீர்களே என்று ஆசிரியர் அறையில் ஒருவர் கேட்டார். பொதுவாக எதிர்த்திசையில்தானே நடக்கும், ஒரு முறை இப்படியும் நடக்கட்டும் என்றேன்.

பயண நாள். வேன் ஏற்பாட்டுக்குப் பள்ளி மேலாண்மைக் குழு உதவியது. காலை உணவை முடித்துக்கொண்டு கிளம்பினோம். அசோக் பில்லர், கிண்டி, திருவான்மியூர் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்ததும் வண்டிக்குள் ஒரே குரல்: “வி.ஜி.பி.! வி.ஜி.பி.!” அதுவும் அதே இஞ்சம்பாக்கத்தில்தான் இருக்கிறது. சிரிக்க வைக்க முடியாத சிலை மனிதரைப் பார்க்க வேண்டும் என்று பாதிப் பேர் கெஞ்சினார்கள். போகிறவர்கள் இதற்குத் தயாராக இருங்கள். “இன்னிக்கு நாம பாக்கப் போற சிலைங்களும் சிரிக்காது” என்று ஓவிய ஆசிரியர் சொல்லிச் சமாளித்தார்.

வளாகத்துக்குள் நுழைந்ததும் மரங்களுக்கு நடுவே திறந்தவெளியில் கருங்கல் சிற்பங்கள். உள்ளே 2009-ல் திறந்த அருங்காட்சியகம். மதராஸ் கலை இயக்கம் என்று பெயர் பெற்ற தலைமுறையின் படைப்புகள் அதில் இருக்கின்றன. அதோடு விற்பனைக்கான காட்சிக்கூடங்கள், கடை. அதற்குப் பின்னால் கலைஞர்களின் வீடுகள். அவை குடியிருக்கும் வீடுகள் என்பதால் அந்தப் பக்கம் போகக் கூடாது என்று முன்பே சொல்லி வைத்திருந்தோம்.

காட்சிக்கூடத்தில் நாங்கள் வைத்த விதி ஒன்றே ஒன்று. ஆளுக்கு ஒரு படம், பத்து நிமிடம். எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து, அதன் முன் தரையில் உட்கார வேண்டும். கண்ணில் பட்ட ஐந்து விஷயங்களை எழுத வேண்டும். ‘அழகாக இருக்கிறது’, ‘நன்றாக இருக்கிறது’ என்று எழுதக் கூடாது. முதல் மூன்று நிமிடம் நெளிந்தார்கள். நான்காவது நிமிடத்தில் கூடம் அமைதியாகிவிட்டது. நான் 19 வருடமாகப் பாடம் நடத்துகிறேன். ஒன்பதாம் வகுப்பை அவ்வளவு அமைதியாகத் தேர்வு அறையில்கூடப் பார்த்ததில்லை.

பணிக்கர் 1963-லிருந்து ‘சொற்களும் குறியீடுகளும்’ என்ற வரிசையில் வரைந்தவற்றைப் பற்றி ஒரு பெண் எழுதியது: “ஜாதகம் மாதிரி கட்டம் இருக்கு. எழுத்து இருக்கு. ஆனா படிக்க முடியல. படிக்க முடியாதுன்னு தெரிஞ்சும் படிக்கத் தோணுது.” கலை விமர்சகர் ஒருவர் இதை நான்கு பக்கத்தில் எழுதுவார். எண்களும் கட்டங்களும் எழுத்துப் போன்ற கோடுகளும் நிறைந்த படங்கள் அவை. ஒரு மாணவரின் கணக்கு நோட்டுப் பக்கத்தைப் பார்த்ததுதான் பணிக்கருக்கு அந்த எண்ணத்தைக் கொடுத்தது என்று சொல்லப்படுவதை எங்கள் கணக்கு ஆசிரியர் சொன்னதும், கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன், “அப்ப என் நோட்டயும் மாட்டலாம் சார், அதையும் யாராலயும் படிக்க முடியாது” என்றான். கணக்கு ஆசிரியரே ஒத்துக்கொண்டார்.

இன்னொருவரைப் பற்றியும் பிள்ளைகளுக்குச் சொல்லியிருந்தோம். கே. ராமானுஜம். பேசுவதற்கே மிகவும் திணறியவர். பணிக்கர் அவரைக் கல்லூரியில் சேர்த்து, பிறகு சோழமண்டலத்துக்கும் அழைத்துக்கொண்டார். அரண்மனைகள், படிக்கட்டுகள், விசித்திரமான மிருகங்கள் என்று மையால் நுணுக்கமாக வரைந்துகொண்டே இருந்தார். அந்த அரண்மனைகளுக்குள் தொப்பி வைத்த மனிதராகத் தன்னையும் வரைந்துகொண்டார். 1973-ல் முப்பதுகளின் தொடக்கத்திலேயே இறந்துவிட்டார். அது துயரமான முடிவு. அதைப் பிள்ளைகளிடம் விரிக்கவில்லை. ஆனால் பேச்சு வராத ஒருவருக்கு ஒரு ஆசிரியர் இடம் கொடுத்தார் என்பதை விரிவாகவே சொன்னோம். நம் வகுப்புகளில் சிறப்புக் கவனம் தேவைப்படும் பிள்ளைகள் இருக்கிறார்கள். எங்கள் வகுப்பிலும் ஒருவன் இருக்கிறான். ராமானுஜம் படத்தின் அச்சுப் பிரதி ஒன்றை வகுப்பில் காட்டியிருந்தோம், அதை அவன் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டான்.

செட் பெயின்டர் அப்பாவுக்கு வருகிறேன். ஓவியங்கள் இருந்த பக்கம் அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் நடந்தார். உலோகத் தகட்டில் செய்த சிற்பங்களின் முன் நின்றுவிட்டார். சென்னைச் சிற்பிகளில் பி.வி. ஜானகிராம் செம்புத் தகட்டை அடித்து உருவம் எடுத்தவர். பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபால் செம்பையும் பித்தளையையும் பற்றவைத்துச் செய்தவர். இதெல்லாம் எனக்குப் படித்துத் தெரியும். அவருக்குப் படிக்காமலே தெரிந்தது. “இது சாமிக்குக் கவசம் அடிக்கற வேல டீச்சர். முன்பக்கம் மட்டும்தான் உருவம், பின்னால வெறும் கூடு” என்றார். ஜானகிராமின் சிற்பங்களுக்குக் கோயில் கவசங்களோடு உறவு உண்டு என்றுதான் கலை வரலாற்றிலும் எழுதியிருக்கிறார்கள்.

அதைக் கேட்டு நான்கைந்து பிள்ளைகள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். தகட்டின் அடியில் எதை வைத்து அடிப்பார்கள், எங்கே பற்றவைப்பார்கள், பளபளப்பு எப்படி மங்கும் என்று அவர் பேசப் பேச, கூட்டம் பத்தாகிவிட்டது. அவருடைய மகன் சற்றுத் தள்ளி நின்று அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான். வகுப்புத் தோழர்கள் முன்னால் அப்பாவின் தொழிலைப் பற்றி அவன் இதுவரை பேசியதில்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

மதியம் மர நிழலில் புளிசாதமும் உருளைக்கிழங்கும். அப்போது அவரிடம் பாத்திக் விற்று நிலம் வாங்கிய கதையைச் சொன்னேன். உங்கள் கேள்விக்கு இவர்கள் கண்ட பதில் இது என்கிற பெருமிதம் என் குரலில் இருந்திருக்க வேண்டும். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “நல்லா செஞ்சிருக்காங்க. ஆனா அன்னிக்கு அவங்க துணி வித்த காசுல நிலம் வாங்க முடிஞ்சது டீச்சர். இன்னிக்கு இந்த ரோட்டுல நிக்கறதுக்கே காசு வேணும்.” அவர் சொன்னது சரி. இதை நான் இங்கே மறைக்க விரும்பவில்லை. 1966-ன் தீர்வைத் தூக்கி இன்றைய பிள்ளையின் கையில் கொடுக்க முடியாது. அவர் மேலும் ஒன்று சொன்னார்: “ஒண்ணு புடிச்சிருக்கு. இவங்க கை வேலய கேவலமா நினைக்கல. எனக்கு இவன் வரையறது பிரச்சன இல்ல. வரையறத மட்டும் நம்பி நிக்கறதுதான் பயம்.”

மதியத்துக்குப் பிறகு கடை. இங்கும் ஒரு விதி: யாரும் தனியாக எதையும் வாங்கக் கூடாது. கையில் காசு உள்ளவன் வாங்க, இல்லாதவன் வேடிக்கை பார்க்க என்று ஆகிவிடும். வகுப்பு முழுவதும் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டு, அதோடு ஆசிரியர்கள் நாங்கள் கொஞ்சம் சேர்த்து, வகுப்பறைக்கு ஒரு பொருள் மட்டும். எதை வாங்குவது என்பதை அவர்களே விவாதித்து ஓட்டுப் போட்டார்கள். பித்தளை விளக்குக்கும் பாத்திக் துணிக்கும் கடும் போட்டி. துணி வென்றது.

கடையில் ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தோம். ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து நான்கு கேள்விக்கு விடை தேட வேண்டும். எதனால் ஆனது? என்னென்ன கருவி வேண்டும்? செய்ய எத்தனை நாள் ஆகும்? விலையில் செய்தவர் கைக்கு எவ்வளவு போகும்? முதல் மூன்றுக்குப் பொருளைப் பார்த்தும், கடையில் இருந்தவர்களைக் கேட்டும் எழுதினார்கள். அவர்களும் முகம் சுளிக்காமல் சொன்னார்கள். நான்காவதை வகுப்பில் கணக்குப் பாடமாக எடுத்துக்கொண்டோம். மூலப்பொருள், உழைப்பு நாள், போக்குவரத்து, கடை வாடகை, கடைக்காரர் லாபம் என்று விலையைப் பிரித்துப் பார்ப்பது. லாப நட்டக் கணக்கை இப்படி நடத்தினால் ‘ஒரு வியாபாரி’ என்று தொடங்கும் கணக்குகள் தேவைப்படாது என்கிறார் எங்கள் கணக்கு ஆசிரியர்.

கடையில் ஒரு பெண் நூல் வேலைப்பாடு செய்த பையை எடுத்தாள். முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. உள்ளே கையை விட்டுத் திருப்பிப் பின்பக்கத் தையலைப் பார்த்தாள். ஏன் என்று கேட்டேன். “பின்னாடி பாத்தாத்தான் மிஸ் வேல தெரியும். முடிச்சு எங்க போட்டிருக்காங்கன்னு அம்மா அப்பிடித்தான் பாப்பாங்க” என்றாள். அவளுடைய அம்மா வீட்டில் ரவிக்கைகளுக்கு ஆரி வேலை செய்து கொடுக்கிறார். கல்யாண ரவிக்கை ஒன்றுக்கு எத்தனை இரவு உட்கார வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். பாதிப் பூக்களை அவள்தான் போடுகிறாள் என்பதும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. வீட்டுப்பாடம் முடிக்காமல் வருவதற்காக அவளை எத்தனை ஆசிரியர்கள் கேள்வி கேட்டிருக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தால், மூன்று பேரின் கையெழுத்து அவள் நாட்குறிப்பில் இருக்கிறது.

மறுநாள் கணக்கு வகுப்பில் எல்லோரும் கடைப் பொருளுக்கு விலை பிரித்தபோது, அவள் அம்மாவின் ரவிக்கைக்குப் பிரித்தாள். ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு கிடைக்கிறது என்று வகுத்து விடை எடுத்தாள். அந்த விடையை வகுப்பில் சொல்லவில்லை. என்னிடம் மட்டும் காட்டினாள். அந்தத் தொகையை நானும் இங்கே சொல்லவில்லை. அம்மா அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போய் வேலை கொடுக்கும் கடையில் பேசியிருக்கிறார். கொஞ்சம் கூட்டிக் கொடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், பெரிதாக ஒன்றும் இல்லை. வீட்டுப்பாடத்தைப் பொறுத்தவரை, முகூர்த்த மாதங்களில் அவளுக்கு இரண்டு நாள் கூடுதலாகத் தருவது என்று நாங்கள் முடிவு செய்துகொண்டோம்.

பாத்திக் துணி இப்போது அந்த வகுப்பறைச் சுவரில் இருக்கிறது. செட் பெயின்டர் அப்பாவை அடுத்த மாதம் பள்ளிக்கு அழைத்தோம். தலைமை ஆசிரியரிடம் அனுமதி வாங்கி, இரண்டு பாடவேளை. ஒரு பிளைவுட் துண்டைக் கொண்டுவந்தார். அதில் மஞ்சள் அடித்து, காய்வதற்குள் பழுப்பைத் தடவி, ஒரு பழைய சீப்பை இழுத்தார். தேக்கு மரத்தின் நரம்பு அப்படியே வந்துவிட்டது. ஓவிய ஆசிரியர் என் பக்கத்தில் நின்று குறிப்பெடுத்தார். தனக்கு இந்த உத்தி கல்லூரியில் யாரும் சொல்லித் தரவில்லை என்றார். அன்றைய ஊதியத்தை அப்பா வாங்க மறுத்தார். மேலாண்மைக் குழுவில் பேசி, வாங்கத்தான் வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தோம். கைவேலைக்குக் கூலி உண்டு என்று பிள்ளைகளுக்கு நடத்திவிட்டு, அவருக்குப் பொன்னாடை போர்த்தி மட்டும் அனுப்பினால் நன்றாக இருக்காது.

பையன் இப்போது பத்தாம் வகுப்பு. கலைத் திருவிழாவில் வரைவதற்கு அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டார். அதற்கு மேல் இன்னும் முடிவாகவில்லை. அப்பாவுக்குத் தொழிற்பயிற்சி நிலையம். பையனுக்குக் கவின் கலைக் கல்லூரி. பன்னிரண்டாம் வகுப்பு முடித்துத்தான் அங்கே சேர முடியும், நான்காண்டுப் பட்டம், நுழைவுக்குத் திறனறித் தேர்வு உண்டு என்பதை ஓவிய ஆசிரியர் இருவரையும் உட்கார வைத்து விளக்கினார். சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசுக் கல்லூரி இருப்பது அப்பாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. “ரெண்டு வருஷம் இருக்குல்ல, பாக்கலாம்” என்று சொல்லியிருக்கிறார். நான் வற்புறுத்தவில்லை. அந்த வீட்டின் வரவு செலவு அவருக்குத்தான் தெரியும்.

வேன் வைக்க முடியாது, அவ்வளவு தூரம் போக முடியாது என்று சிலர் முன்வரிசையில் பேசிக்கொள்வது காதில் விழுகிறது. எழும்பூர் அரசு அருங்காட்சியக வளாகத்துக்கு நகரத்தின் எந்த மூலையிலிருந்தும் பேருந்திலோ மின்சார ரயிலிலோ போகலாம். அங்கே தேசியக் கலைக்கூடம் என்ற சிவப்புக் கட்டடம் இருக்கிறது. ஹென்றி இர்வின் வடிவமைத்தது, 1909-ல் திறந்தது. கைத்தொழில் பொருட்களைக் காட்சிக்கு வைப்பதற்காகக் கட்டிய கட்டடம் அது; 1951-ல்தான் கலைக்கூடம் ஆனது. அதாவது அங்கேயும் இதே கதை இருக்கிறது. பக்கத்தில் சோழர் காலச் செப்புத் திருமேனிகள். திரும்பும் வழியில் அண்ணா சாலை பூம்புகார் விற்பனை நிலையத்துக்கும் போகலாம். சுவாமிமலை, நாச்சியார்கோயில், பத்தமடை, தஞ்சாவூர் என்று புவிசார் குறியீடு பெற்ற ஊர்களின் வேலைப்பாடுகளைப் பார்க்க முடியும்.

நாங்கள் பயன்படுத்திய கேள்வித்தாள் இரண்டும் என்னிடம் படியெடுத்து இருக்கின்றன. வேண்டியவர்கள் தேநீர் இடைவேளையில் வாங்கிக்கொள்ளுங்கள். எந்த இடமானாலும் முன்கூட்டியே தொலைபேசியில் பேசிவிட்டு, பிள்ளைகளின் எண்ணிக்கையைச் சொல்லிவிட்டுப் போங்கள். எழும்பூர் போகிறவர்களுக்கு ஒன்று: அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, அதைப் பார்த்துத் தேதி குறியுங்கள்.